மரத்தை வெட்டாமல் மருந்து

சினைப்பைப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் ரத்தநாளம் வழியே ஏற்றும் மருந்துகளில் ஒன்று பாக்லிடாக்சல். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பசிபிக் யூ மரத்தின் பட்டையில் இருந்துதான் இது முதலில் கிடைத்தது. வேதியியலாளர்கள் மன்றோ வாலும் மன்சுக் வானியும் இதன் வேதியமைப்பை 1971இல் வெளியிட்டார்கள். 1992இல் அமெரிக்கா இதை மருந்தாக அனுமதித்தது. ஆனால் பட்டையில் இருந்ததோ மிகச் சொற்பம். யூ மரம் மிக மெதுவாக வளரும். பட்டையை உரித்தால் பட்டுப்போகும். ஓர் உயிரைக் காக்கப் பல மரங்களைக் கொல்ல வேண்டியிருந்தது.

இதற்குப் பிறந்த தீர்வுகளில் ஒன்று செல் வளர்ப்பு. இளந்தண்டில் ஒரு சிறு துண்டை நறுக்கிக் கிருமி நீக்கி, சர்க்கரை, தாது உப்புகள், ஹார்மோன் கலந்த அகார் கூழ் மீது வைக்கிறார்கள். சில வாரங்களில் வெட்டுவாயில் வெளிர் நிறத்தில் ஒரு கட்டி புடைத்து வருகிறது. காலஸ் எனப்படும் அதற்கு இலையும் இல்லை, வேரும் இல்லை; தொட்டால் உதிரும். அதைத் திரவ ஊட்டத்தில் உதிர்த்துப் பெருக்கி, பெரிய எஃகுத் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். வெயில் தேவையில்லை, சர்க்கரையே சாப்பாடு. ஜெர்மனியில் 75,000 லிட்டர் தொட்டிவரை இப்படி வளர்க்கிறார்கள். செடியின் செல் ஒன்று இரண்டாவதற்கு நாள்கணக்கில் ஆகும். பாக்டீரியாவுக்கு அரைமணி நேரம் போதும். ஒரே ஒரு கிருமி நுழைந்தாலும் தொட்டி முழுக்க வீண்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனிதான் வருகிறது. வயிறார ஊட்டினால் செல்கள் பெருகுமே தவிர, மருந்தை அதிகம் தருவதில்லை. இத்தகைய பொருள்கள் பெரும்பாலும் செடியின் தற்காப்பு ஆயுதங்கள். ஆபத்து என்று தோன்றினால்தான் செல் அவற்றைத் தயாரிக்கும். அதனால் பூச்சி கடிக்கும்போது செடிக்குள் எழும் அபாயச் செய்தியையே தொட்டியில் கலக்கிறார்கள். மீத்தைல் ஜாஸ்மோனேட் என்ற அந்தப் பொருள் மல்லிகை எண்ணெயிலும் இருக்கிறது. அது சேர்ந்ததும் பாக்லிடாக்சல் பல மடங்கு கூடுகிறது. ஜப்பானின் மிட்சுயி நிறுவனம் 1983லேயே வேறொரு செடியில் இப்படி இரண்டு கட்டமாக வேலை செய்தது: ஓர் ஊட்டத்தில் பெருக்கம், இன்னொன்றில் உற்பத்தி. அந்தச் செடியின் வேர் முற்றப் பல ஆண்டுகள் ஆகும்; அதில் ஊறும் ஷிகோனின் என்ற செஞ்சாயம் தொட்டியில் சில வாரங்களில் கிடைத்தது; உதட்டுச்சாயத்திலும் சேர்ந்தது.

தயாரித்ததை வெளியே எடுப்பது அடுத்த பாடு. செல் தன் சரக்கை உள்ளறையில் பூட்டி வைத்திருந்தால் செல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பாக்லிடாக்சலில் ஒரு பகுதி தானாகவே திரவத்தில் கசிகிறது. அங்கே பிசின் மணிகளையோ எண்ணெய் அடுக்கையோ வைத்தால் அவை அதை உறிஞ்சிக்கொள்ளும், செல்கள் உயிரோடிருக்கும். பசுவைக் கறப்பது போலத்தான். தேங்கிய சரக்கு செல்லின் உற்பத்தியைத் தானே மட்டுப்படுத்தும் என்பதால், எடுக்க எடுக்க ஊறும்.

எல்லாச் செடிக்கும் இது கைகூடவில்லை. நம் ஊர் நித்தியகல்யாணியின் இலையில்தான் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கான வின்கிரிஸ்டின் இருக்கிறது. அதற்கு வேண்டிய விண்டோலின் என்ற மூலப்பொருளை இலையின் வெவ்வேறு வகைச் செல்கள் கைமாற்றிக் கைமாற்றித்தான் உருவாக்குகின்றன. தொட்டியிலோ எல்லாம் ஒரே மாதிரிச் செல்கள். வேலை பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் அந்த மருந்துக்குத் தென் தமிழகத்து மானாவாரி நிலங்களில் இன்னமும் செடியைத்தான் பயிரிடுகிறார்கள்.