2019 சமோவா தட்டம்மைப் பரவல்

2019 சமோவா தட்டம்மைப் பரவல் என்பது பசிபிக் தீவு நாடான சமோவாவில் 83 பேரின் உயிரைப் பறித்த கொள்ளைநோய் ஆகும். ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் வாழும் இந்நாட்டில் 5,700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இறந்தோருள் பெரும்பாலானோர் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள்.

தட்டம்மை (இலங்கை வழக்கில் சின்னமுத்து) காற்றின் வழியே பரவும் தீநுண்ம நோய். எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றக்கூடியது. ஆகவே நூற்றுக்கு 95 பேராவது இரு தவணைத் தடுப்பூசி பெற்றிருந்தால்தான் பரவல் தடைப்படும். சமோவாவிலோ 2018இல் முதல் தவணை பெற்ற குழந்தைகள் பாதிக்கும் குறைவு.

இச்சரிவுக்கு ஒரு துயர நிகழ்வு காரணமாயிற்று. 2018 சூலையில் தடுப்பூசி இடப்பட்ட இரு குழந்தைகள் உடனே இறந்தன. தடுப்பு மருந்தில் பழுதில்லை. அதன் தூளை நீரில் கரைப்பதற்கு மாறாகத் தசை தளர்த்தும் மருந்தில் கரைத்துவிட்டனர். ஆயினும் தடுப்பூசித் திட்டம் பல மாதங்கள் நிறுத்தப்பட்டது. திட்டம் மீண்டும் தொடங்கிய பின்னரும் பெற்றோரின் அச்சம் நீங்கவில்லை. வதந்திகள் அதனை வளர்த்தன.

2019 நவம்பரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டுத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. டிசம்பர் 5, 6 நாட்களில் அரசு அலுவலகங்கள் மூடப்பட்டு, ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர். தடுப்பூசி பெறாதோர் உள்ள வீடுகளின் முன் சிவப்புத் துணி கட்டப்பட்டது. அம்மாத இறுதிக்குள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் தடுப்பூசி பெற்றனர்.

அதே ஆண்டில் அண்டை நாடுகளான தொங்கா, பிஜி ஆகியவற்றிலும் இந்நோய் நுழைந்தது. அங்கு தடுப்பூசி பெற்றிருந்தோர் மிகுதி. இறப்பு எதுவும் நிகழவில்லை.