பதினாறில் ஒரு பங்குப் 'புலி'

பொம்மை என்றால் அது குழந்தைகளுக்கு உரியது, குழந்தை வளர்ந்ததும் பரணுக்குப் போய்விடும் என்பதே நம் குடும்பங்களில் நிலவிவரும் எண்ணம். நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த மனிதர்கள் ஒரு பொம்மையை விலைகொடுத்து வாங்கி, வாங்கிய அன்றே அதை முற்றிலுமாகக் கழற்றி, மாதக்கணக்கில் மேசைமீது பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகாணியாக மாற்றி அமைக்கின்றனர் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? ஜப்பான், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில் இது ஒரு கைவினையாகவே வளர்ந்து நிற்கிறது. வானொலி அலையால் இயங்கும் மாதிரி டாங்கியை வலுப்படுத்துவதும், அதன் புறத்தோற்றத்தை உண்மையான டாங்கிக்கு நிகராகச் செதுக்குவதுமே அக்கைவினை.

டாங்கி என்றதும் சில தாய்மார்கள் முகம் சுளிக்கக்கூடும். மனிதரைக் கொல்லும் கருவியைப் பொம்மையாக்கி வீட்டுக்குள் உலவவிடுவதா என்ற கேள்வி நியாயமானதே. அதனைத் தள்ளிவிட்டுச் செல்லும் நோக்கம் நமக்கில்லை. உரிய இடத்தில் அதற்கு வருவோம்.

இக்கலையின் வேர் ஜப்பானின் ஷிசுவோகா நகரில் இருக்கிறது. அங்குள்ள 'தமியா' நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் 'பாந்தர்' என்னும் ஜெர்மானிய டாங்கியின் மோட்டார் பொருத்திய மாதிரியை வெளியிட்டது. மோட்டாரும் மின்கலங்களும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காக வண்டியின் அளவை நிர்ணயித்தனர். பின்னர் கணக்கிட்டுப் பார்த்தபோது அது உண்மையான டாங்கியில் 35-இல் ஒரு பங்காக அமைந்திருந்தது. மின்கலத்தின் பருமன் வகுத்த அந்த விகிதமே பின்னாளில் உலகெங்கும் போர் வண்டி மாதிரிகளுக்குப் பொது அளவாகிவிட்டது! வானொலியால் இயங்கும் டாங்கிகளிலோ 16-இல் ஒரு பங்கு என்னும் பெரிய அளவே நிலைபெற்றது. பீரங்கி பின்னுதைத்தல், இயந்திர ஓசை, விளக்கு ஆகிய யாவும் அமைந்த தமியாவின் தொகுப்புகள் விலையில் எட்டாக்கனியாகவே இருந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் ஷாந்தோ பகுதியிலிருந்து 'ஹெங் லாங்' நிறுவனம் அதே அளவிலான டாங்கிகளை மலிவாக வெளியிடத் தொடங்கிய பிறகே நடுத்தர வருவாயினரும் இதில் புகுந்தனர். மலிவான வண்டியை வாங்கி, குறையுள்ள பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றி, விலையுயர்ந்த வண்டிக்கு ஈடாக்குவது என்ற வழக்கம் அப்போதுதான் பரவியது.

இக்கலைஞர்கள் பெரிதும் விரும்பித் தேர்ந்தெடுப்பது இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி களமிறக்கிய 'டைகர்' டாங்கியை. அதன் எடை ஏறத்தாழ 57 டன். பீரங்கிக் குழலையும் சேர்த்து நீளம் 8.45 மீட்டர், அகலம் 3.7 மீட்டர். பதினாறால் வகுத்தால் 53 சென்டிமீட்டர் நீளமும் 23 சென்டிமீட்டர் அகலமும் உள்ள வண்டி கிடைக்கும். எடையை மட்டும் பதினாறால் வகுத்தல் ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினாறில் ஒன்றாகக் குறைவதால் எடை 16 x 16 x 16, அதாவது 4,096-இல் ஒன்றாகக் குறைய வேண்டும். அவ்வாறு பார்த்தால் மாதிரியின் எடை சுமார் 14 கிலோ இருக்க வேண்டும்! கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் வண்டியோ மூன்று, நான்கு கிலோதான். சார்ஜாவில் பணிபுரியும் என் மைத்துனர் விடுமுறையில் கொண்டுவந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். பார்வைக்கு இருந்த கம்பீரம் கைக்கு இல்லை. ஓடவிட்டால் சிறு கல்லின்மீது ஏறியவுடன் தவளையைப் போலத் துள்ளுகிறது. உண்மையான டாங்கி துள்ளாது. கனத்து அமிழ்ந்து ஏறும்.

ஆகவே முதல் வேலை எடையைக் கூட்டுவது. பிளாஸ்டிக் சங்கிலிப் பட்டைகளை நீக்கிவிட்டு உலோகப் பட்டைகளைப் பூட்டுவர். இங்கேதான் சுவையான ஒரு சிக்கல் தொடங்குகிறது. உலோகப் பட்டை வந்ததும், அதை இழுக்கும் பல்லுள்ள பிளாஸ்டிக் சக்கரம் தேயத் தொடங்கும். அதனையும் உலோகமாக்கினால், அச்சக்கரத்தைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டியின் மெல்லிய பற்கள் முறியும். எஃகுப் பற்சக்கரப் பெட்டியை வைத்தால், அதைத் தாங்கும் திருகாணிகள் பிளாஸ்டிக் அடிப்பகுதியிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். அடிப்பகுதியையும் உலோகமாக மாற்றினால், கூடிய எடையைத் தாங்கமாட்டாமல் சக்கரங்களைத் தாங்கும் கைகள் வளைந்து, வண்டி வயிறு தரையில் பட அமர்ந்துவிடும். ஓரிடத்தை வலுவாக்கினால் பலவீனம் ஒழிந்துபோவதில்லை, அடுத்த இடத்துக்குக் குடிபெயர்கிறது. அனுபவம் வாய்ந்தோர் இதனாலேயே பட்டை, இயக்கச் சக்கரம், பற்சக்கரப் பெட்டி, தாங்கு கைகள் நான்கையும் ஒரே தொகுதியாகக் கருதி, அதற்கான பணம் சேரும்வரை காத்திருக்கின்றனர். பணமில்லையேல் பிளாஸ்டிக் பட்டையுடன் விட்டுவிடுவதே அறிவுடைமை. பாதி மாற்றம் முழுச் செலவையும் விழுங்கிவிடும்.

புதிய உலோகப் பட்டை ஓட ஓட அதன் இணைப்புகள் தேய்ந்து சற்றே நீளும். தளர்ந்த பட்டை திருப்பத்தில் கழன்றுவிடும். பின்சக்கரத்தை நகர்த்தி இறுக்கும் அமைப்பு இருந்தால் நலம். இல்லையேல் ஊசியைத் தட்டி ஒரு கண்ணியைக் கழற்ற வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினாலோ மோட்டார் சூடாகும். மிதிவண்டிச் சங்கிலியைக் கையாண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேகத்தைக் குறைப்பதும் மேம்பாடுதான் என்றால் சிறுவர்கள் நம்பமாட்டார்கள். டைகரின் உச்ச வேகம் மணிக்கு 38 கிலோமீட்டர். பதினாறால் வகுத்தால் 2.4 கிலோமீட்டர், ஒரு முதியவரின் நடை! அதைவிட வேகமாக ஓடும் மாதிரி, பார்ப்பவர் கண்ணுக்கு உடனே பொம்மையாகிவிடுகிறது. பற்சக்கர விகிதத்தைக் கூட்டி, மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும்படி மின்பலகையைச் சீர்செய்வர். பழைய வண்டிகள் 27, 40 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் இயங்கியவை. ஒரே அலைவரிசையில் இரண்டு வண்டிகள் ஓடினால் ஒருவர் கட்டளைக்கு மற்றவர் வண்டி குழம்பும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி தன் வண்டியோடு மட்டும் பிணைந்துகொள்வதால் ஒரே திடலில் பல வண்டிகள் ஓடலாம்.

இனிப் பீரங்கி. மலிவு வண்டிகள் பலவற்றில் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைச் சுடும் விசை உண்டு. டைகரின் பீரங்கி விட்டம் 88 மில்லிமீட்டர்; பதினாறால் வகுத்தால் 5.5 வரும். ஆக, குண்டு சுட வேண்டும் என்பதற்காகவே குழலைப் பொய்யாகப் பருக்கவைத்திருக்கின்றனர்! அளவுப் பிழை ஒருபுறமிருக்க, கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கக்கூடியது அக்குண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் அவ்விசையை முதலில் கழற்றி எறிய வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குப் பதிலாக, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை வீசும் அமைப்பைப் பொருத்தலாம். எதிர்வண்டியின் உணரியில் கதிர் பட்டால் அது அடிபட்டதாகக் கணக்காகும். அடிகள் கூடக்கூட வண்டி தளர்ந்து, இறுதியில் சிறிது நேரம் செயலற்று நின்றுவிடும். யாருக்கும் காயமில்லை.

இனி அலங்காரம். அலங்காரம் என்னும் சொல்கூடப் பொருந்தாது; அழகுபடுத்துவதல்ல, உண்மைப்படுத்துவதே இங்கு நோக்கம். தொழிற்சாலையில் உருட்டி எடுக்கப்பட்ட எஃகுத் தகட்டின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இராது. எனவே பட்டியைக் கரைப்பானில் குழைத்து, முரட்டுத் தூரிகையால் ஒற்றி எடுத்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து அச்சொரசொரப்பை வரவழைப்பர். தகடுகள் சேரும் விளிம்பில் பட்டியை நூல்போலத் திரித்து வைத்துக் கத்திமுனையால் அழுத்தினால் பற்றவைப்புத் தழும்பு உருவாகும். அச்சிலேயே ஒட்டி வார்த்திருக்கும் கைப்பிடிகளைச் செதுக்கி நீக்கிவிட்டுச் செப்புக்கம்பியை வளைத்துச் செருகுவர். வண்ணம் உரிந்த தோற்றத்துக்குப் பெண்கள் கூந்தலுக்குத் தெளிக்கும் ஸ்பிரே பயன்படுகிறது என்றால் சகோதரிகள் நகைப்பர். அடிவண்ணத்தின்மேல் அதைத் தெளித்து, உலர்ந்தபின் மேல்வண்ணம் பூசி, நீரில் நனைத்த தூரிகையால் தேய்த்தால், ஸ்பிரே கரைந்து மேல்வண்ணம் சிறுசிறு செதில்களாகப் பெயரும். டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தைத் திருகாணித் தலைகளைச் சுற்றி விட்டால் அழுக்கு படிந்த நிழல் விழும். சாக்பீஸைச் சுரண்டிய தூள் புழுதியாகும்.

எவ்வளவு துரு, எவ்வளவு புழுதி? தேர்ச்சியுள்ளவரும் சறுக்கும் இடம் இதுவே. இதற்கு விடை தூரிகையில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

'டைகர் 131' என்றொரு டாங்கி இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ளது. கோபுரத்தின் பக்கங்களில் வெள்ளை விளிம்பிட்ட சிவப்பு எண்களில் 131 என எழுதப்பட்டிருக்கும். 1943 பிப்ரவரியில் உருவாக்கப்பட்டு, துனீசியாவுக்கு அனுப்பப்பட்டு, ஏப்ரலில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கியது. அதன் போர்க்கள ஆயுள் சில வாரங்களே! வறண்ட வட ஆப்பிரிக்காவில் சில வாரங்கள் ஓடிய இரும்பு எவ்வளவு துருப்பிடிக்கும்? இருப்பினும் ஆழ்கடலில் மூழ்கி எழுந்ததுபோல அதைச் சிவக்கச் சிவக்கத் துருவேற்றிவிடுகிறார்கள் பலர். வேறு சிலர், காந்தக் கண்ணிவெடி ஒட்டாதிருக்க ஜெர்மானியர் பூசிய 'சிம்மரிட்' என்னும் வரிவரியான பசைப்பூச்சை வெகு நுட்பமாக அமைத்துவிடுகின்றனர். அப்பூச்சு 1943இன் பிற்பகுதியில்தான் வழக்கத்துக்கு வந்தது. 131 அதற்குள் எதிரியின் கையில் இருந்தது. வேலைப்பாடு எத்துணை நேர்த்தியாயினும் சாட்சி பொய்யாகிவிடுகிறது. அதற்கு வேண்டியது துருவன்று, புழுதி. பட்டை வீசியெறியும் வெளிர்ந்த மண், சக்கர இடுக்குகளிலும் பின்புறக் காற்று வடிகட்டிகளிலும் படிந்திருக்க வேண்டும். வீரர் கால்வைத்து ஏறும் விளிம்புகளில் மட்டும் வண்ணம் தேய்ந்திருக்கலாம்.

அந்தப் புழுதி யாருடையது? முகம் சுளித்த தாய்மார்களின் கேள்வி இங்கே வந்து சேர்கிறது. துனீசியா அப்போது பிரான்சின் ஆதிக்கத்தில் இருந்த முஸ்லிம் நாடு. 1956-இல்தான் விடுதலை பெற்றது. ஜெர்மனியும் இத்தாலியும் ஒருபுறமும், பிரிட்டனும் அமெரிக்காவும் பிரான்சும் மறுபுறமுமாக நின்று அந்நாட்டுக் கோதுமை வயல்களிலும் ஒலிவத் தோப்புகளிலும் மோதின. அம்மண்ணின் மக்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. நம் நாட்டவரும் அங்கிருந்தனர்: 1943 மே 12 அன்று ஜெர்மானியத் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்தது 4-ஆம் இந்தியப் படைப்பிரிவினரிடம்தான். இவற்றையெல்லாம் அறியாமல் குண்டு சுட்டு விளையாடும் சிறுவனுக்கு டாங்கி வெறும் ஆரவாரம். புழுதியின் நிறம் என்ன என்று கேட்கத் தொடங்கிய சிறுவனோ துனீசியாவின் வரைபடத்தைத் தேடுவான். எனவே வீட்டில் டாங்கி கூடாதென்று நான் சொல்லமாட்டேன். எது குறித்தும் கேள்வி எழுப்பாத டாங்கி கூடாது என்பேன். மேற்கூரையில் வீரர் உருவங்களை நிறுத்துவது பலர் வழக்கம். உருவப் பொம்மைகளை விரும்பாத நம்மவர்க்கும் இந்த 131இல் இடரில்லை. அதிலிருந்தோர் வண்டியைக் கைவிட்டு ஓடிவிட்டனர். ஆளற்ற வண்டியே அதன் மெய்யான கோலம்.

மின்கலம் குறித்து ஓர் எச்சரிக்கை. லித்தியம் மின்கலங்கள் எடை குறைந்தவை, ஆற்றல் மிகுந்தவை. ஆனால் துளைபட்டாலோ, அளவுமீறி மின்னேற்றினாலோ தீப்பற்றும். அதற்கென அமைந்த மின்னேற்றியையே பயன்படுத்தி, தீப்பற்றாத தரையில் வைத்து, பெரியவர் எவரேனும் விழித்திருக்கும்போது மட்டும் மின்னேற்ற வேண்டும். உப்பிய மின்கலத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாகாது. புகை எழுப்பும் கருவியும் சூட்டுக்கம்பியால் எண்ணெயைக் கொதிக்கவைப்பதே. மூடிய அறையில் வேண்டாம்.

131 சிக்கிய விதத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் 'சர்ச்சில்' டாங்கி ஒன்று சுட்ட குண்டு டைகரின் பீரங்கிக் குழலின் அடிப்புறத்தில் பட்டுத் தெறித்து, கோபுரம் சுழலும் வளையத்தில் பாய்ந்து அதை இறுக்கிவிட்டது. 57 டன் இரும்பு, திரும்பமுடியாத ஒரு கழுத்தினால் வீழ்ந்தது. துனிஸில் அதை மன்னர் ஆறாம் ஜார்ஜும் சர்ச்சிலும் பார்வையிட்டனர். பின்னர் இங்கிலாந்து சென்று, நீண்டகாலப் பழுதுபார்ப்புக்குப் பிறகு 2003-இல் மீண்டும் தன் காலால் ஓடியது. 2014-இல் வெளிவந்த 'ஃப்யூரி' திரைப்படத்திலும் இடம்பெற்றது. குண்டு பட்ட தழும்புகள் இன்றும் அதன் உடலில் காணப்படுகின்றன. அதைச் சுட்ட பீரங்கியின் விட்டம் 57 மில்லிமீட்டர். மாதிரியில் மூன்றரை மில்லிமீட்டர். விலைகொடுத்து வாங்கிய புத்தம்புதிய அலுமினியக் குழலைப் பிடித்துக்கொண்டு, அதன் அடிப்புறத்தை உருட்டு அரத்தால் அவ்வளவுக்குச் சிதைப்பதே கைவினைஞரின் கடைசி வேலை. அதைச் செய்து முடித்தவர், கோபுரத்தைச் சுழற்றும் சிறு மோட்டாரின் கம்பியையும் கழற்றிவிட வேண்டுமல்லவா?