தோசைக்கல்லும் டிஸ்னி வரிசையும்

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் பத்துப் பேர், அடுப்பில் ஒரே தோசைக்கல். ஒரு தோசை வார்த்து எடுக்க இரண்டு நிமிடம். ஆளுக்கு ஒன்றுதான் என்றாலும் கடைசி ஆளின் தட்டில் தோசை விழ இருபது நிமிடம் ஆகும். அடுத்த வாரம் ஆறு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், மிச்சம் நாலே பேர். எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதானே தோன்றும்? ஆனால் அன்றைக்கென்று சிலிண்டர் தீருகிற நிலை. தீ பாதிதான் எரிகிறது, ஒரு தோசைக்கு நாலு நிமிடம் பிடிக்கிறது. நாலாவது ஆள் பதினாறு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் பாதிக்கும் கீழே குறைந்தும் மிச்சமானது நாலே நிமிடம்.

கொரோனா காலத்தில் தீம் பார்க் எப்படி இயங்கியது என்பதற்கு இந்தத் தோசைக்கணக்கே போதும். மற்றதெல்லாம் இதன் மேல் ஊற்றிய சட்னி, சாம்பார்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்டு. 2020 மார்ச் 16-ஆம் தேதியிலிருந்து மூடிக் கிடந்த அந்த இடத்தில் ஜூலை 11-ஆம் தேதி மேஜிக் கிங்டம், அனிமல் கிங்டம் என்ற இரண்டு பூங்காக்கள் திறந்தன. நான்கு நாள் கழித்து எப்காட்டும் ஹாலிவுட் ஸ்டுடியோஸும் திறந்தன. முழுக் கொள்ளளவில் 25 சதவீதம் பேரைத்தான் உள்ளே விட்டார்கள். நவம்பரில் அதை 35 ஆக்கியதாக நிறுவனத்தின் அப்போதைய தலைவர் பாப் சாபெக் சொன்னார். பூங்காக்கள் திறந்த கோடையில் ஃப்ளோரிடாவில் நோய் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. பயந்து பலர் வரவில்லை. முதல் சில வாரம் ரைடுகளுக்கு நடந்த வேகத்திலேயே போய் ஏறி உட்கார்ந்தார்கள். பண்டிகை விடுமுறைகள் வந்து, அனுமதித்த இடமெல்லாம் நிரம்பத் தொடங்கியதும்தான் கேள்வி எழுந்தது: மூன்றில் ஒரு பங்குக் கூட்டம்தானே, பிறகு ஏன் வரிசை இவ்வளவு நீளம்?

முதலில் அரிசி அளந்து போடுவதை, அதாவது ஆளை எண்ணி உள்ளே விடுவதை, பார்த்துவிடுவோம். நோய்க்கு முன்னால் டிஸ்னியின் வாசல் நம் கிராமத்து வீட்டு வாசல் மாதிரி. வருடச் சீட்டு வைத்திருப்பவர்கள் நினைத்த நாளில் வருவார்கள். காலையில் ஒரு பூங்கா, மாலையில் இன்னொன்று என்று தாவுவதற்கும் தனியாகச் சீட்டு உண்டு. எந்த நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்பதை நிர்வாகம் பழைய வருடங்களின் கணக்கை வைத்து ஊகிக்கும். ஊகம் தப்பினால்? உலை இறக்கிய பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா என்ன செய்வார்? ரசத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் சேர்ப்பார். டிஸ்னியும் அதைத்தான் செய்தது. கூட்டம் கூடினால் காத்திருப்பு கூடும், அவ்வளவுதான். வாசலை அடைக்கிற நாள் வருடத்தில் அபூர்வம்.

ஆறடி இடைவெளி என்று வந்த பிறகு இந்த வித்தை செல்லாது. ரசத்தில் தண்ணீர் ஊற்றலாம். ஆறடியில் எதை ஊற்றுவது? அதனால் சீட்டு கையில் இருந்தால் மட்டும் போதாது, எந்தத் தேதியில் எந்தப் பூங்காவுக்கு என்று முன்கூட்டியே இடம் பதிய வேண்டும் என்றார்கள். நான்கு அடுப்பிலும் நான்கு பானை, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஆழாக்குக் கணக்கு. பானை விட்டுப் பானை தாவவும் தடை. 2021 ஜனவரி 1-இலிருந்து தாவ விட்டார்கள், அதுவும் பகல் 2 மணிக்கு மேல். காலையில் எந்தப் பானையில் எவ்வளவு விழுந்தது என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும் அல்லவா?

ஆக, உள்ளே வரும் அளவு கையில் வந்தது. தீ குறைந்தது எங்கே?

இட்லித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குழியிலும் மாவு ஊற்றினாலும் பாதிக் குழியில் மட்டும் ஊற்றினாலும் வேக அதே பத்து நிமிடம்தான். ரோலர் கோஸ்டர் ரயிலும் அப்படியே. பாதி இருக்கை காலி என்பதற்காக அது பாதி நேரத்தில் சுற்றி வராது. டிஸ்னியில் பல ரைடுகளில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைதான் ஆட்களை உட்காரவைத்தார்கள். நாலு பேர் உட்காரும் வரிசையில் கணவன், மனைவி இருவர் மட்டும் வந்தால் மிச்ச இரண்டு இடமும் காலியாகவே போகும். முன்பின் தெரியாதவரை அங்கே சேர்த்து உட்காரவைக்க முடியாது. இது போக, துடைத்துச் சுத்தம் செய்ய நடுநடுவே ரைடையே நிறுத்தினார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, தர்க்கம் உண்மை. சாதாரண நாளில் ஒரு ரைடு மணிக்கு 1,600 பேரை ஏற்றி இறக்குகிறது, வரிசையில் 800 பேர் நிற்கிறார்கள். காத்திருப்பு அரை மணி. இப்போது கூட்டம் 35 சதவீதம், வரிசையில் 280 பேர். ஆனால் ரைடின் வேகம் மணிக்கு 800-ஆக இறங்கிவிட்டது. காத்திருப்பு 21 நிமிடம். மூன்றில் ஒரு பங்குக் கூட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்குக் காத்திருப்பு.

நீளத்தையும் அளந்துவிடலாம். முன்பு 800 பேர் இருவர் இருவராக நெருக்கி நின்றபோது, ஜோடிக்கு இரண்டடி வைத்தால் வரிசை 800 அடி. இப்போது 280 பேர் என்றால் ஏறக்குறைய 80 குடும்பம். ஒரு குடும்பம் நிற்க மூன்றடி, அடுத்த குடும்பத்துக்கு ஆறடி விட்டு. மொத்தம் 720 அடி! கூட்டம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தும் வரிசை ஏறக்குறைய பழைய நீளத்திலேயே நின்றதற்குக் காரணம் இதுதான். தரையில் ஒட்டிய கோடுகளின் மேல் நின்றவர்கள் இருபது நிமிடத்தில் உள்ளே போனார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஒன்றரை மணி நேரம் ஆகும் போல என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

ஆனாலும் அந்த வரிசையில் நின்றவர்கள் ஒன்றைச் சந்தோஷமாகச் சொன்னார்கள்: நிற்காமல் நகர்கிறது. இதற்கும் தோசைக்கல்லிடமே பதில் இருக்கிறது. ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் அவசரமாக வந்து உட்கார்ந்தால், அடுத்த மூன்று தோசையும் அவர் தட்டுக்குத்தான். தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் வெறும் தட்டைத் தட்டிக்கொண்டிருக்கும். டிஸ்னியில் அந்த அவசரக்காரரின் பெயர் ஃபாஸ்ட்பாஸ். 1999-இல் வந்த இலவசச் சலுகை. குறித்த நேரத்தில் போனால் தனி வாசல் வழியாக விறுவிறுவென்று ஏறலாம். ஒவ்வொரு ரயிலிலும் பெரும்பங்கு இடம் அவர்களுக்கே போகும்; சாதாரண வரிசை நின்று நின்றுதான் நகரும். இடைவெளி விட்டு நிற்க இடம் வேண்டியிருந்ததால் அந்தத் தனி வாசல் பாதையையும் சாதாரண வரிசைக்கே எடுத்துக்கொண்டு, ஃபாஸ்ட்பாஸை நிறுத்திவைத்தார்கள். பஸ் பிடிக்கிறவர் இல்லாத வீட்டில் தோசை முறைப்படி வந்தது.

பந்தியில் சாதம் வரத் தாமதமானால் என்ன செய்வார்கள்? அப்பளம் ஒரு சுற்று வரும், பாயசம் ஒரு சுற்று வரும். இலைக்கு முன்னால் இருப்பவர் சும்மா இருக்கக் கூடாது. தீம் பார்க்கில் அப்பளம், பாயசம் என்பது ஊர்வலமும் மேடை நிகழ்ச்சியும் வாணவேடிக்கையும். ஊர்வல நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவோரம் நின்றுவிடுவார்கள், ரைடுகளில் நெரிசல் குறையும். தோளோடு தோள் உரச நிற்கிற கூட்டம் என்பதாலேயே இவை எல்லாமே நிறுத்தப்பட்டன. விளைவு, அப்பளத்தில் இருக்க வேண்டியவர்களும் சாதத்துக்கே கை நீட்டினார்கள்.

அதற்கு மாற்றாக டிஸ்னி கண்டுபிடித்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். மிக்கியும் மின்னியும் ஒரே ஒரு வண்டியில், முன்னறிவிப்பே இல்லாமல் தெருவில் வந்து சில நிமிடங்களில் கடந்துபோவார்கள். மறுபடி வேறு நேரத்தில் வேறு பாத்திரங்கள். எப்போது என்று யாருக்கும் தெரியாததால் யாரும் முன்கூட்டி இடம்பிடித்து நிற்பதில்லை. தாளிப்பு மாதிரி. ஒரு கரண்டி எண்ணெய், ஒரு சிட்டிகை கடுகு, வீடு முழுக்க வாசனை. அதற்காக யாரும் அடுப்படியில் வந்து கூடுவதில்லை.

தாளிப்பு என்றதும் மிளகாய்க்கு வந்துவிட வேண்டும். காற்றில் பரவும் நோயைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. காய்ந்த எண்ணெயில் வரமிளகாயைப் போட்டால் இரண்டு விஷயம் கிளம்பும். ஒன்று, தெறிக்கும் எண்ணெய். கனமானது, இரண்டடிக்குள் விழுந்துவிடும். ஒரு தட்டை மறைவாகப் பிடித்தால் போதும், கையில் படாது. இன்னொன்று நெடி. தட்டைப் பிடித்தால் அது சுற்றிக்கொண்டு வரும், கூடத்தில் பேப்பர் படிக்கிறவரை இரும வைக்கும், ஜன்னல் திறக்கும்வரை போகாது. நோயாளி பேசும்போது, இருமும்போது வருவதும் இந்த இரண்டும்தான்: சட்டென்று விழும் துளிகள், காற்றிலேயே மிதக்கும் நுண்துகள்கள்.

டிஸ்னி வரிசைகளிலும், அனிமல் கிங்டத்தின் கிலிமஞ்சாரோ சஃபாரி வண்டியின் இருக்கைகளுக்கு நடுவிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்புகளை வைத்தார்கள். அவை எண்ணெய்க்குப் பிடித்த தட்டு, நெடிக்கு அல்ல. ஆனால் தடுப்பு வைத்த பிறகு காலியாக விட்ட இருக்கைகளில் ஆட்களை உட்காரவைக்க முடிந்தது. தோசைக்கல்லின் தீயைக் கூட்டிக்கொள்ள அது ஒரு வழி. நோயைத் தடுத்ததைவிட வரிசையைக் குறைத்ததில்தான் அந்த பிளாஸ்டிக்குக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

நெடிக்கு மருந்து இரண்டு: வாணலிக்கு மூடி, வீட்டுக்கு ஜன்னல். மூடி என்பது முகக்கவசம். இரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் கட்டாயம். ஜூலை மாத ஃப்ளோரிடாப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பது லேசான காரியம் இல்லை. சாப்பிடும்போது கழற்றலாம் என்ற விதியை வைத்து, ஒரே ஐஸ்கிரீமைக் கையில் பிடித்தபடி மணிக்கணக்கில் உலாவிய சாமர்த்தியசாலிகள் இருந்தார்கள். திறந்த அதே மாதத்தில் விதி மாறியது: நின்ற இடத்தில் நின்று, தள்ளி இருந்து சாப்பிட்டால்தான் கழற்றலாம். ரைடில் கவசத்தைக் கழற்றியவருக்கு அந்த ரைடின் புகைப்படம் கிடையாது. அபராதத்தைவிட அது நன்றாக வேலை செய்திருக்கும்.

ஜன்னல் என்பது திறந்தவெளி. பெரும்பாலும் வெளியில் இருக்கும் இடம் என்பதே தீம் பார்க்கின் அதிர்ஷ்டம். ஆனால் அங்கே வேறு இடங்களில் அவ்வளவாக இல்லாத ஒரு பழக்கம் உண்டு: வாய்விட்டு அலறுவது. சத்தம் கூடக் கூட வாயிலிருந்து வரும் துகள்களும் கூடும். தீயை ஏற்றி மிளகாயைக் கருக்குவதுபோல. ஜப்பானின் தீம் பார்க் சங்கங்கள் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அலற வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார்கள். ரோலர் கோஸ்டரில் அலறாமல் இருக்க முடியுமா? ஃபூஜி-க்யூ ஹைலேண்டு பூங்காவின் அதிகாரிகள் இருவர் கவசத்துடன் ஃபூஜியாமா கோஸ்டரில் ஏறி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் சுற்றி வந்து, அலறலை மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று காணொளியில் கேட்டார்கள். உலகமே சிரித்தது.

வாசலில் காய்ச்சல் பார்த்தது சும்மா ஒரு சல்லடை. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்தால் திருப்பி அனுப்பினார்கள். ரவை சலிக்கிற சல்லடையில் மைதாவைச் சலித்தால் என்ன தங்கும்? காய்ச்சலே இல்லாமல் நோயைச் சுமந்தவர்கள் அதில் விழுந்து போய்விடுவார்கள். 2021 மே மாதம் அதைக் கைவிட்டார்கள். கைப்பிடிகளை ஓயாமல் துடைத்ததும் அதே கதை. பொருட்களைத் தொட்டுத் தொற்றுவது குறைவு என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமே அந்த ஏப்ரலில் சொல்லிவிட்டது.

எல்லா ஊரிலும் ஒரே சமையல் இல்லை. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டை 412 நாள் திறக்கவே இல்லை. 2021 ஏப்ரல் 30-ஆம் தேதி திறந்தபோதும் முதலில் அந்த மாநிலத்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஷாங்காயில் நேர்மாறு: 2020 மே 11-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், ஆனால் அங்கே சமையல் பிரஷர் குக்கரில். 2021 அக்டோபர் 31-ஆம் தேதி, முந்தைய நாள் வந்துபோன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் வாசலை மூடி, உள்ளே இருந்த ஏறக்குறைய 34,000 பேருக்கும் பரிசோதனை செய்த பிறகே வெளியே விட்டார்கள். வெள்ளை உடை ஊழியர்கள் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்க, மேலே வாணவேடிக்கை வெடித்துக்கொண்டிருந்தது.

ஃப்ளோரிடாவில் தீ மெல்ல ஏறியது. 2021 ஜூலை 1-ஆம் தேதி வாணவேடிக்கை, 2022 மார்ச்சில் மேஜிக் கிங்டத்தின் பெரிய ஊர்வலம். தேதி குறித்த சீட்டு வாங்குகிறவர்கள் தனியாக இடம் பதிய வேண்டியதில்லை என்றானது 2024 ஜனவரியில்தான். அளந்து போட்டுப் பழகிய கை அவ்வளவு சீக்கிரம் ஆழாக்கைக் கீழே வைக்குமா? இலவச ஃபாஸ்ட்பாஸ் மட்டும் திரும்பவே இல்லை. அதன் இடத்தில் 2021 அக்டோபரில் வந்தது ஜீனி ப்ளஸ். அப்போது ஆளுக்கு, நாளுக்கு 15 டாலர் கட்டினால் தனி வாசல் திறந்தது. பணம் கட்டியவர் தட்டில் தோசைகள் விழ, சாதாரண வரிசை மறுபடி நின்று நின்று நகர ஆரம்பித்தது.