தொண்டைக்குள் ஒரு விசிறி

நம்மூரில் பல்லி தலையில் விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுவோம். ஃப்ளோரிடாவில் என் தம்பி வீட்டில் அதன் தூரத்துச் சொந்தத்துக்குக் கண்ணாடி வீடு, செடி, தனி விளக்கு! கரன்ட் பில் தம்பி கணக்கில்.

பெயர் பச்சை அனோல். வாலோடு சேர்த்து ஒரு சாண்கூட இல்லை. 'அமெரிக்கப் பச்சோந்தி' என்று கடைகளில் விற்கிறார்கள். நிஜப் பச்சோந்தி வேறு ஜாதி.

தம்பி மகன் வாங்கிய முதல் அனோல் பத்து நாள் தாங்கவில்லை. கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தும் தாகத்தில் செத்தது. கிண்ணத்தையும் சேர்த்து விற்ற கடைக்காரர் விஷயத்தைச் சொல்லவில்லை. தேங்கிய தண்ணீரை அனோல் பெரும்பாலும் சீண்டாது. இலையில் நிற்கும் துளியை நக்கித்தான் பழக்கம். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். இப்போது இரண்டாவது அனோலுக்கு, இஸ்திரிக்காரர் மாதிரி வேளாவேளைக்குச் செடி மேல் தண்ணீர் தெளிக்கிறான். நோட்டும் போடுகிறான்.

'10.20 பச்சை. 10.45 பழுப்பு. அப்பா கதவை அறைந்து சாத்தினார்.'

விஷயம் அதுதான். இலைக்குத் தக்கபடி நிறம் மாறுவதாக நினைக்கிறோம். இல்லை. குளிர், பயம், சண்டையில் தோல்வி என்றால் பழுப்பு. மானேஜரிடம் டோஸ் வாங்கி வரும் நம் முகம் மாதிரி!

"பெரியப்பா, இப்பப் பாருங்க!" என்று பையன் ஒரு கண்ணாடியைக் காட்டினான். அனோல் தண்டால் எடுத்தது. தொண்டையிலிருந்து இளஞ்சிவப்பில் ஒரு விசிறி விரிந்தது. ஆணிடம் காட்டினால் 'என் ஏரியா, நடையைக் கட்டு.' பெண்ணிடம் காட்டினால் 'நான் ரெடி.' ஒரே விசிட்டிங் கார்டு! அதனால்தான் ஒரு தொட்டியில் இரண்டு ஆண் கூடாது. காட்டில் தோற்றவன் அடுத்த மரத்துக்கு ஓடலாம். கண்ணாடிப் பெட்டியில் எங்கே ஓடுவான்?

இப்படிப் பொறுமையாகப் பார்த்துத்தான் விஞ்ஞானிகளும் ஓர் அதிசயத்தைப் பிடித்தார்கள். கியூபா, பஹாமாஸ் பக்கத்துப் பழுப்பு அனோலை 1995-ல் ஃப்ளோரிடாவின் சில குட்டித் தீவுகளில் விட்டார்கள். பச்சை அனோல்கள் சில மாதங்களிலேயே மரத்தின் உச்சிக்குக் குடிபோயின. 2010-ல் அளந்தபோது, வழுக்கும் உச்சிக் கிளைகளைப் பிடிக்க வசதியாக அவற்றின் விரல் திண்டுகள் பெரிதாகியிருந்தன. சுமார் இருபது தலைமுறைகளில்! ஆய்வு 2014-ல் வெளிவந்தது.

ஆபீஸில் புது ஆள் வந்தால் நமக்கும் ஸீட் மாறுகிறது. பிடிமானம்தான் கூடுவதில்லை!