கொழுப்பைத் தேடும் துவர்ப்பு

பரோலோ ஒயினைக் கோப்பையில் ஊற்றிச் சாய்த்துப் பிடித்தால் மறுபக்கத்து விரல்கள் தெரியும். அவ்வளவு வெளிறிய சிவப்பு; விளிம்பில் செங்கல் நிறம். முகர்ந்தால் ரோஜா மணமும் தார் மணமும் சேர்ந்து வரும். இலேசான ஒயின் என்றுதான் கண் சொல்லும். ஒரு வாய் குடித்ததும் ஈறு இறுகி, கன்னத்தின் உட்புறம் வறண்டுபோகும்.

வட இத்தாலியின் பீட்மான்ட் பகுதியில், லாங்கே குன்றுகளில் விளையும், பரோலோவுக்கு மூலமான நெபியோலோ திராட்சையின் இயல்பு இது: நிறம் குறைவு, துவர்ப்பும் புளிப்பும் மிகுதி. அறுவடை ஆண்டின் நவம்பர் முதல் தேதியிலிருந்து குறைந்தது 38 மாதங்கள், அவற்றில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், கழிந்த பிறகே பரோலோவை விற்கலாம் என்பது அங்கே சட்டம். அத்தனை காலம் வைத்திருந்தும் துவர்ப்பு முழுதாக அடங்குவதில்லை. ஆனால், மாட்டிறைச்சியை இதே ஒயினில் மணிக்கணக்காக மெல்லிய தீயில் வேகவைத்துச் செய்யும் பிராசாத்தோவை ஒரு வாய் தின்றுவிட்டு மறுபடி குடித்துப் பார்த்தால், முரட்டு ஒயின் பணிந்துவிடுகிறது. புட்டியில் இருப்பது அதே ஒயின்தான், வாய்தான் மாறியிருக்கிறது.

திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்ற பொருள் இருக்கிறது. பாக்கை மெல்லும்போது வாயை இறுக்குவதும் இந்த வகைப் பொருளே. நம் உமிழ்நீரில் உள்ள சில புரதங்கள் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கின்றன. டானின் அந்தப் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரியவைக்கிறது. வழுவழுப்பு போனதும் நாக்கு அண்ணத்தோடு நேரடியாக உரசுகிறது. அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்பை, இனிப்பு, புளிப்பைப் போன்ற சுவையாக அல்லாமல் பெருமளவுக்குத் தொடு உணர்வாகவே இன்றைய அறிவியல் பார்க்கிறது.

துவர்ப்பு வாய்க்கு வாய் கூடிக்கொண்டே போகும். கொழுப்பு இதற்கு நேரெதிர்: அது வாயில் வழுக்கலான படலமாகத் தங்கிவிடும். 2012-இல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் இவை இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். கொழுப்புள்ள இறைச்சியைத் தின்றவர்களுக்கு, வெறும் தண்ணீரைவிடத் துவர்ப்பான பானமே வாயின் பிசுபிசுப்பை நன்றாகக் குறைத்தது. இறைச்சியோ துவர்ப்பு ஏறிக்கொண்டே போகாமல் தடுத்தது. ஒன்று உரசலைக் கூட்ட, மற்றது வழுக்கலைக் கூட்ட, வாய் நடுநிலைக்குத் திரும்புகிறது. பிராசாத்தோவுக்கும் பரோலோவுக்கும் உள்ள உறவு இதுதான். இறைச்சியின் உப்புக்கும் இதில் பங்குண்டு: உப்பு ஒயினின் கசப்பை அடக்கும்.

மத்திய இத்தாலியின் டஸ்கனியில் ஆட்சி செய்வது சாஞ்சியோவேசே திராட்சை. கியாந்தி ஒயினின் உயிர்நாடி அது; புளிச்செர்ரி மணமும் கூர்மையான புளிப்பும் உடையது. தக்காளியில் நெடுநேரம் கொதித்த ராகு என்னும் இறைச்சிக் குழம்போடு கியாந்தி பொருந்துவதற்கு அந்தப் புளிப்பே காரணம். புளிப்பான உணவைத் தின்ற நாக்கு, அடுத்து வரும் புளிப்பைக் குறைவாகவே உணரும். ஆகவே புளிப்புக் குறைந்த ஒயின் தக்காளிக்கு முன் சப்பென்று ஆகிவிடும். கியாந்தியோ தாக்குப்பிடித்து, தன் பழச்சுவையை வெளிக்காட்டும். இந்த இணை பழமையானதாகத் தோன்றலாம். ஆனால் தக்காளி 16-ஆம் நூற்றாண்டில்தான் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இத்தாலிக்கு வந்தது. அன்றாடக் குழம்பில் இடம்பிடிக்க மேலும் வெகுகாலம் ஆனது. கியாந்தி விளையும் நிலத்துக்கு டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி 1716-லேயே எல்லை வகுத்துவிட்டார். வெவ்வேறு கண்டங்களில் பிறந்த இரண்டு பழங்கள் சமையலறையில்தான் சந்தித்துக்கொண்டன.

சிவப்பு ஒயினோடு மீன் ஆகாது என்ற பழைய விதிக்கும் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பலவகை ஒயின்களைச் சிப்பி இறைச்சியோடு சுவைக்கச் செய்தபோது, கவிச்சி வாடையை எழுப்புவது ஒயினில் கரைந்துள்ள இரும்பு என்று தெரிந்தது. இரும்பு மிகுந்த ஒயினில் வாடை அதிகம். இரும்பை வேறொரு பொருளால் கட்டிவைத்தபோது வாடையும் குறைந்தது. இரும்பின் அளவு புட்டிக்குப் புட்டி மாறும். எனவே விதி எல்லாச் சிவப்பு ஒயினுக்கும் ஒன்றுபோலப் பொருந்தாது. பீட்மான்ட் மக்கள் நெத்திலி வகை மீன், பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்துச் செய்யும் பாஞ்ஞா கவுதாவுக்குத் துவர்ப்புக் குறைந்த பார்பேரா என்னும் சிவப்பு ஒயினையே ஊற்றிக்கொள்கிறார்கள்.

மணத்தின் கதை இன்னும் வியப்பானது. வடகிழக்கு இத்தாலியின் ஃபிரியூலி பகுதியில் விளையும் ஸ்கியொப்பெத்தினோ ஒயினில் மிளகு மணக்கும். மிளகு சேர்ப்பதில்லை, நம் கறுப்பு மிளகுக்கு மணம் தரும் ரொட்டண்டோன் என்ற அதே மூலக்கூறு அந்தத் திராட்சையின் தோலிலேயே உருவாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 8 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் இதை 2008-இல் கண்டறிந்த ஆஸ்திரேலிய ஆய்வில், ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு அளவைப் பன்மடங்கு கூட்டியும் அந்த மணம் எட்டவில்லை. ஒரே புட்டியைப் பகிர்ந்து குடிக்கும் இருவர் உண்மையிலேயே இருவேறு ஒயின்களைக் குடிக்கலாம்.

இவற்றைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு கியாந்தியை முதலில் தனியாக ஒரு வாய் சுவைக்கலாம். பிறகு ஆலிவ் எண்ணெயும் உப்பும் தடவிய ரொட்டியோடு. அடுத்து பெக்கொரினோ என்னும் செம்மறியாட்டுப்பால் சீஸோடு. கடைசியாகத் தக்காளிக் குழம்போடு. ஒவ்வொரு முறையும் ஒயின் வேறாகத் தெரியும். உணவில்லாமல் வரிசையாகக் கோப்பைகளை வைத்துச் சுவைத்து மதிப்பெண் இடும் வழக்கம் இத்தாலியச் சிவப்பு ஒயின்களுக்கு நியாயம் செய்யாது. துவர்ப்பையும் புளிப்பையும் அது குறையாகக் கணக்கிட்டுவிடக்கூடும். எந்தச் சாப்பாட்டுக்காக அந்த ஒயின் உருவானதோ, அதோடு சேர்த்துச் சுவைக்கும்போது அவை இரண்டுமே அதன் பலம்.