தேசிங்கு ராஜாவின் இரண்டாம் வருகை

ஊரும் திரையும் - 14: செஞ்சி

2025 ஜூலை 11, வெள்ளிக்கிழமை. அன்று செஞ்சிக்கு இரண்டு சேதி. பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில். மிச்சமிருந்த ஒன்று நம் செஞ்சி. அதே வெள்ளிக்கிழமை தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ‘தேசிங்கு ராஜா 2’ வெளியானது. ஒரே நாளில் கோட்டைக்கும் பெருமை, கோட்டை ராஜாவின் பெயருக்கும் போஸ்டர்.

முதல் சேதியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு இரண்டாவதைப் பேச வேண்டும். சிரிக்க வைத்த ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கும்போது எது கைநழுவிப் போகிறது என்ற கேள்வி என்னை வெகு நாளாகக் குடைகிறது. அதை யோசிக்கச் செஞ்சியை விடப் பொருத்தமான ஊர் இல்லை.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் வந்தால், செஞ்சி ஊரைத் தாண்டியதும் சாலைக்கு வலப்பக்கம் கிருஷ்ணகிரி மலை, இடப்பக்கம் ராஜகிரி மலை. யாரோ கூடை கூடையாகக் கொட்டிக் குவித்தது போலப் பாறைகள். நான் போன அன்று கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மஹால் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, குரங்குக்குப் பயந்து முந்தானையால் மூடி மூடிச் சாப்பிட்டது. எட்டு வயதுப் பையன் கேட்டான்: “அப்பா, தேசிங்கு ராஜா படம் இங்கதான் எடுத்தாங்களா?” அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: “இல்லடா. பேரு மட்டும்தான் இங்கேருந்து எடுத்துக்கிட்டாங்க.”

பெயர் மட்டும்தான். ஆனால் அந்தப் பெயர் லேசுப்பட்டதா? தேசிங்கு என்பது தேஜ் சிங் என்ற புந்தேலா ராஜபுத்திர இளைஞன். அப்பா சொரூப் சிங் இறந்ததும் செஞ்சிக்கு வந்து பொறுப்பேற்றான். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்தான். 1714-ல் பெரும்படையை எதிர்த்துச் சின்னப் படையோடு போய் மாண்டான். வயது 22 என்பார்கள். மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டை என்ற பெயர் அவள் நினைவாக வந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. அவன் ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. ஆனால் கதைப்பாடலாகி, பெரிய எழுத்துப் புத்தகமாகி, தெருவெல்லாம் பாடப்பட்டு 300 வருஷம் தாண்டி நிற்கிறான்.

எப்படி நின்றான்? கதைப்பாடலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். தேசிங்கு அதில் தனி ஆள் இல்லை. கூடவே ஒரு குதிரை. கூடவே நண்பன் மோவுத்துக்காரன், அதாவது மகபத் கான். கல்யாணக் கோலத்தில் இருந்தவன், சேதி கேட்டு மாலையோடு புறப்பட்டு வந்து நண்பனுக்காகச் சாகிறான். அந்த இந்து ராஜாவையும் முஸ்லிம் சிநேகிதனையும் பிரித்துப் பாருங்கள், கதையில் உயிர் இருக்காது. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ வந்தபோதும் ஜனங்கள் தேடிப் போனது அந்த நட்பைத்தான் என்று நினைக்கிறேன்.

2013 ஆகஸ்டில் எழில் இயக்கிய ‘தேசிங்கு ராஜா’வுக்கு வருவோம். செஞ்சியும் இல்லை, போரும் இல்லை. பகையான இரண்டு கிராமங்கள். இந்த ஊர்ப் பையன் விமல், அந்த ஊர்ப் பெண் பிந்து மாதவி. பையன் பெயர் இதயக்கனி. எம்.ஜி.ஆர். படத்தின் பெயர். நம் பக்கத்தில் யாராவது அலட்டினால் ‘பெரிய தேசிங்கு ராஜான்னு நெனப்பு’ என்போம். அந்தச் சொல்வழக்கு தலைப்பிலேயே வேலை செய்தது. வீரனின் பெயர் மேலே, வெட்டுக்குப் பயந்து ஓடும் சாதாரணப் பையன் கீழே. அந்த இடைவெளியில் சிரிப்பு பிறந்தது. சூரி, சிங்கம்புலி, ரவி மரியா என்று சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே ஊர்த் திண்ணையிலிருந்து எழுந்து வந்தவர்கள் போல இருந்தார்கள். ‘வெயில்’ படத்தில் பார்த்துப் பயந்த ரவி மரியாவை, மீசையை முறுக்கியபடியே சிரிக்க வைக்கும் வில்லனாக மாற்றியது எழிலின் கைவண்ணம். ‘துள்ளாத மனமும் துள்ளும்’ எடுத்தவருக்குள் இப்படி ஒரு நகைச்சுவைக்காரர் இருந்தாரே என்று வியந்தேன். மகத்தான படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டி.வி.யில் எப்போது போட்டாலும் பத்து நிமிஷம் நின்று பார்க்க வைக்கும் படம்.

12 வருஷம் கழித்து அதே எழில், அதே விமல். ஆனால் கதைக்கும் முதல் படத்துக்கும் தொடர்பில்லை. கிராமம் போயிற்று. விமல் இப்போது போலீஸ். சூரி இல்லை. இசைக்கு இமான் இடத்தில் வித்யாசாகர். ‘பூவெல்லாம் உன் வாசம்’ தந்த எழில் - வித்யாசாகர் ஜோடி மறுபடி சேர்ந்தது எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம். மற்றபடி? துப்பாக்கி வைத்திருக்கிற ஆளுக்குத் தேசிங்கு ராஜா என்று பெயர் வைத்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆளுக்கு ஆள் வந்து சிரிக்க வைக்கப் பாடுபட்டுவிட்டுப் போகிறார்கள். யாருக்கும் யாரோடும் உறவு இல்லை. முதல் படத்தின் பாதிக்குக்கூட இது வரவில்லை. எழிலின் படங்களை விரும்பிப் பார்க்கிறவன் என்பதால் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கதை தொடராததுதான் குற்றமா? இல்லவே இல்லை. 2003-ல் வந்த ‘முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.’ஸைத்தான் நாம் ‘வசூல்ராஜா’வாகப் பார்த்தோம். 2006-ல் இந்தியில் ‘லகே ரஹோ முன்னாபாய்’ வந்தது. கதை முழுக்கப் புதிது. காந்தியே வந்து பேசுகிறார். முதல் படத்தைத் தாண்டியது. காரணம், முன்னாவும் சர்க்யூட்டும் அப்படியே இருந்தார்கள். தாதாவுக்கும் அவன் கையாளுக்கும் நடுவே இருந்த அந்தப் பாசத்தை இயக்குநர் ராஜ்குமார் ஹிரானி தொடவே இல்லை.

நம்மிடமும் உண்டு. 2007-ன் ‘முனி’யை விட 2011-ன் ‘காஞ்சனா’ பல மடங்கு சிரிக்க வைத்தது. பேய்க்குப் பயப்படும் லாரன்ஸ் இரண்டிலும் இருந்தார். ‘காஞ்சனா’வில் அவருக்கு அம்மாவாகக் கோவை சரளா வந்தார், அண்ணியாகத் தேவதர்ஷினி வந்தார். இருட்டினால் பிள்ளை அம்மா இடுப்பில் ஏறிக்கொள்கிறான். அம்மாவும் அண்ணியும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிகிறார்கள். பேயை மறந்துவிட்டு நாம் அந்தக் குடும்பத்தைப் பார்த்துச் சிரித்தோம்.

விமலுக்கே இன்னொரு பாடமும் இருந்தது. 2010-ன் ‘களவாணி’யில், கஞ்சா கருப்பு விஷம் குடித்துவிட்டதாக ஊரையே நம்ப வைக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த ஊர் இல்லாமல் அந்தச் சிரிப்பு இல்லை. 2019-ன் ‘களவாணி 2’ முதல் பாகத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. ஆனாலும் இளவரசும் சரண்யாவும் அப்பா அம்மாவாகத் திரும்ப வந்த இடங்களில் பழைய வாசம் அடித்தது.

அன்று கோட்டையிலிருந்து இறங்கியவன் செட்டிக்குளத்துக்குப் போனேன். தேசிங்கின் உடலுக்குத் தீ மூட்டியது இந்தக் குளக்கரையில்தான் என்பார்கள். ராஜகிரி ஏறிய களைப்பில் பலர் இதைப் பார்க்காமலே பஸ் பிடித்துவிடுகிறார்கள்.

எழில் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாவது படம் எடுப்பதாக இருந்தால், செஞ்சிக்கு வாருங்கள். இந்தக் கடைத்தெருவில் பத்து நாள் உட்காருங்கள். இதயக்கனியை அவன் கிராமத்திலிருந்து கூட்டி வாருங்கள்; சூரி இப்போது கதாநாயகன்தான், இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். தேசிங்கு ராஜா என்று பெயர் வைத்த இரண்டு படங்களிலும் செஞ்சிக்கு இதுவரை இடம் கிடைக்கவில்லை.