விண்டோஸ் எக்ஸ்பி சேவைப் பொதி 2 முன்னோட்டப் பதிப்புகள்

விண்டோஸ் எக்ஸ்பி சேவைப் பொதி 2 (சர்வீஸ் பேக் 2) என்பது மைக்ரோசாப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்திற்காக உருவாக்கிய இரண்டாவது பெரிய மேம்படுத்தல் தொகுப்பாகும். இதன் இறுதிப் பதிப்பு 2004 ஆகஸ்ட் 6 அன்று நிறைவு செய்யப்பட்டது. அதற்கு முன்னர் 2003 டிசம்பர் முதல் 2004 ஜூன் வரை மூன்று முன்னோட்டப் பதிப்புகள் வெளிவந்தன. சேவைப் பொதி என்பது வழக்கமாக அதுவரை வெளியான திருத்தங்களின் தொகுப்பாகவே அமையும். இத்தொகுப்போ இயங்குதளத்தின் இயல்பிருப்பு அமைப்புகளையே மாற்றியது. அதனால் சில மென்பொருட்கள் இயங்காமற் போகும் என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. எனவே முன்னோட்டப் பதிப்புகள் பிழைகளைக் கண்டறிய மட்டுமன்றி, பிற மென்பொருள் உருவாக்குநர்கள் தம் நிரல்களைத் திருத்திக்கொள்ளக் கால அவகாசம் அளிக்கவும் பயன்பட்டன.

பின்னணி

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்தது. அதில் இணைய இணைப்புத் தீச்சுவர் என்னும் பாதுகாப்பு வசதி தொடக்கத்திலிருந்தே இருந்தது. எனினும் அது இயல்பாக முடக்கப்பட்டிருந்தது. பயனரே அமைப்புகளுக்குள் சென்று அதனைச் செயற்படுத்த வேண்டும். பெரும்பாலானோர் அவ்வாறு செய்யவில்லை.

இதன் விளைவு 2003ஆம் ஆண்டு வெளிப்பட்டது. விண்டோஸின் தொலைச் செயல்முறை அழைப்புச் சேவையில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2003 ஜூலை 16 அன்று வெளியிட்டது. அதே ஓட்டையைப் பயன்படுத்திய பிளாஸ்டர் என்னும் கணினிப் புழு ஆகஸ்ட் 11 அன்று பரவத் தொடங்கியது. திருத்தம் வெளியாகி 26 நாட்கள் கடந்திருந்தும் எண்ணற்ற கணினிகள் பாதிக்கப்பட்டன. பயனர் எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. இணையத்தில் இணைந்திருந்தாலே கணினி தொற்றுக்கு உள்ளாகி மீண்டும் மீண்டும் நின்று தொடங்கியது. திருத்தத்தைப் பதிவிறக்கி முடிப்பதற்குள்ளேயே கணினி நின்றுவிடுவதும் உண்டு. 2004 ஏப்ரல் இறுதியில் சாசர் என்னும் புழு வேறொரு ஓட்டையின் வழியாக இவ்வாறே பரவியது. அதற்கான திருத்தமும் ஏப்ரல் 13 அன்றே வெளியாகியிருந்தது.

திருத்தம் வெளியிடுவது மட்டும் போதாது, பயனர் எதுவும் செய்யாதிருக்கும் நிலையிலேயே கணினி பாதுகாப்பாக இருத்தல் வேண்டும் என்பதே இந்நிகழ்வுகள் தந்த பாடமாகும். லாங்ஹார்ன் என்னும் குறிப்பெயருடன் உருவாகிவந்த அடுத்த இயங்குதளத்தின் (பின்னாளைய விண்டோஸ் விஸ்டா) பணியாளர்கள் பலர் இத்தொகுப்பின் பணிக்கு மாற்றப்பட்டனர்.

முன்னோட்டப் பதிப்புகள்

முதற் சோதனைப் பதிப்பு 2003 டிசம்பரில் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து ஆர்.சி.1 எனப்படும் பதிப்பு (உருவாக்க எண் 2096) 2004 மார்ச்சிலும், ஆர்.சி.2 (உருவாக்க எண் 2149) ஜூனிலும் வெளியாயின. இறுதிப் பதிப்பின் உருவாக்க எண் 2180 ஆகும். ஆர்.சி. பதிப்பு என்பது பெரும் பிழைகள் தென்படாவிடில் இறுதிப் பதிப்பாகவே ஏற்கத்தக்க நிலையை எட்டிய பதிப்பைக் குறிக்கும். இப்பதிப்புகள் சோதனைக்காக மட்டுமே வழங்கப்பட்டன. அன்றாடப் பணிக்குரிய கணினிகளில் நிறுவுவதற்கானவை அல்ல.

புதிய வசதிகள்

விண்டோஸ் தீச்சுவர்: பழைய தீச்சுவர் மேம்படுத்தப்பட்டு, புதிய பெயருடன், எல்லா இணைப்புகளிலும் இயல்பாகவே செயற்படுமாறு அமைக்கப்பட்டது. கணினி தொடங்கும்போது தீச்சுவர் முழுமையாக இயங்குமுன் உள்ள இடைவெளியிலும் வடிகட்டல் நிகழ்ந்தது. ஒரு மென்பொருள் வெளியிலிருந்து இணைப்புகளை ஏற்க முயன்றால் பயனரிடம் அனுமதி கேட்கப்பட்டது. எனினும் இத்தீச்சுவர் கணினியிலிருந்து வெளிச்செல்லும் தகவல்களைத் தடுப்பதில்லை.

பாதுகாப்பு மையம்: தீச்சுவர், நச்சுநிரல் எதிர்ப்பி, தானியங்கி மேம்படுத்தல் ஆகிய மூன்றின் நிலையையும் ஒரே சாளரத்தில் காட்டும் வசதி இதுவாகும். இவற்றுள் ஒன்று இயங்காவிடினும் எச்சரிக்கை தோன்றும். நச்சுநிரல் எதிர்ப்பி இதனுடன் வழங்கப்படவில்லை.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர்: தானே மேலெழும் விளம்பரச் சாளரங்களைத் தடுக்கும் வசதி, தடுக்கப்பட்டவற்றை அறிவிக்கும் தகவற் பட்டை, உலாவியின் துணை நிரல்களைப் பட்டியலிட்டு முடக்கும் வசதி ஆகியன சேர்க்கப்பட்டன.

ஏனையவை: புளூடூத் ஆதரவு, கம்பியில்லா வலையமைப்பை எளிதில் அமைக்கும் வழிகாட்டி, டைரக்ட்எக்ஸ் 9.0சி, விண்டோஸ் மீடியா பிளேயர் 9 ஆகியன இடம்பெற்றன. இந்திய எழுத்துமுறைகளுள் வங்காளமும் மலையாளமும் இத்தொகுப்பின் மூலமே விண்டோஸில் ஆதரவு பெற்றன. தமிழுக்கான ஆதரவு விண்டோஸ் 2000 இலேயே வந்திருந்தது.

திருத்தங்களும் மாற்றங்களும்

ஒரு நிரல் தரவுக்கென ஒதுக்கிய நினைவகப் பகுதியில் அதன் கொள்ளளவை விஞ்சிய தரவைத் திணித்து, அதன் வழியே தீய கட்டளைகளை இயக்குவது புழுக்களின் வழக்கமான உத்தியாகும். இதனை எதிர்க்க இயங்குதளத்தின் முக்கிய பகுதிகள், இத்தகைய மீறலைக் கண்டறியும் தொகுப்பியைக் கொண்டு மீண்டும் தொகுக்கப்பட்டன. மேலும், தரவுப் பகுதியில் உள்ள எதையும் கட்டளையாக இயக்க மறுக்கும் தரவு இயக்கத் தடுப்பு என்னும் வசதி சேர்க்கப்பட்டது. ஏ.எம்.டி. அத்லான் 64 போன்று இதற்கான வசதி கொண்ட செயலிகளில் இது வன்பொருள் மட்டத்திலேயே செயற்பட்டது.

பிளாஸ்டர் பயன்படுத்திய தொலைச் செயல்முறை அழைப்புச் சேவையில், அடையாளம் உறுதிசெய்யப்படாத வேண்டுகோள்கள் கட்டுப்படுத்தப்பட்டன. விளம்பரச் செய்திகளைத் திரையில் தோற்றுவிக்கப் பயன்பட்ட மெசஞ்சர் சேவை இயல்பாக முடக்கப்பட்டது. இணையத்திலிருந்து பெற்ற கோப்புகள் அவ்வாறு வந்தவை எனக் குறிக்கப்பட்டு, திறக்குமுன் எச்சரிக்கை காட்டப்பட்டது. புழு ஒன்று விரைந்து பரவுவதைத் தடுக்க, நிறைவுபெறாத வெளிச்செல்லும் டி.சி.பி. இணைப்பு முயற்சிகள் ஒரே நேரத்தில் 10 என வரையறுக்கப்பட்டன.

ஒத்தியைபுச் சிக்கல்கள்

வெளியிலிருந்து இணைப்புகளை ஏற்கும் விளையாட்டுகள், கோப்புப் பகிர்வு மென்பொருட்கள், தொலை மேலாண்மைக் கருவிகள் ஆகியன தீச்சுவரால் தடைபட்டன. தீச்சுவரில் விதிவிலக்கு அளித்து இவற்றுட் பலவற்றை மீண்டும் இயங்கச் செய்யலாம். சில சிக்கல்கள் இறுதிப் பதிப்பு வரை நீடித்தன. எடுத்துக்காட்டாக, ஒரு கணினி தன்னைத் தானே தொடர்புகொள்ளும் முகவரிகளுள் 127.0.0.1 தவிர்ந்தவை இயங்கவில்லை. இதனைச் சரிசெய்யத் தனித் திருத்தம் வெளியிடப்பட்டது. தம் மென்பொருட்களைச் சோதித்து முடிக்காத நிறுவனங்கள், தானியங்கி மேம்படுத்தல் வழியே இத்தொகுப்பு வருவதை 2005 ஏப்ரல் 12 வரை தடுத்துவைக்க வழி செய்யப்பட்டது.

முழுமையான தொகுப்பின் அளவு ஏறத்தாழ 266 மெகாபைட்டு. தொலைபேசி வழி இணைய இணைப்பு உடையோருக்கு இது மிகப் பெரிய அளவாகும். நொடிக்கு 56 கிலோபிட்டு என்னும் உச்ச வேகத்தில்கூட இதனைப் பதிவிறக்கப் பத்து மணி நேரத்திற்கு மேல் ஆகும். இத்தகையோருக்காகக் குறுந்தட்டிலும் இத்தொகுப்பு இலவசமாக வழங்கப்பட்டது.

பின்னர்

மூன்றாவது சேவைப் பொதி 2008ஆம் ஆண்டு வெளியானது. சேவைப் பொதி 2க்கான ஆதரவு 2010 ஜூலை 13 அன்றும், விண்டோஸ் எக்ஸ்பிக்கான பொது ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும் முடிவுற்றன. இயல்பாகவே இயங்கும் தீச்சுவர், தரவு இயக்கத் தடுப்பு, பதிவிறக்கிய கோப்புகளுக்கான எச்சரிக்கை ஆகியன விஸ்டா முதலான பிந்தைய விண்டோஸ் பதிப்புகளிலும் தொடர்ந்து இடம்பெற்று வருகின்றன.